இலையிலிருந்து எழுந்த தாய்மாமன்

1

இன்றோடு என் மண்டையில் திருகாணி இறக்கி ஒரு வருஷம். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜத் திருகாணி. முன்நெற்றியில் இரண்டு, பின்மண்டையில் இரண்டு. பின்னால் இருப்பதை முடி மறைத்துவிட்டது. முன்னால் இருக்கிற இரண்டு புள்ளிகளும் உற்றுப் பார்த்தால் தெரியும், திருநீறு பூசினால் தெரியாது. பல வருஷமாக வெறும் நெற்றியோடு திரிந்தவன் இப்போது தினமும் பட்டையாகப் பூசிக்கொண்டு வேலைக்குப் போகிறேன். "ஒங்க அம்மா ஆயுசு பூராச் சொல்லியும் நடக்காதத அந்த டாக்டர் ஒரே நாள்ல நடத்திட்டாரே" என்கிறாள் என் மனைவி கோமதி.

நான் திருநெல்வேலி டவுன்காரன். பெயர் சுப்பு. இருபத்திரண்டு வருஷமாக இங்கிலாந்தின் வடக்கே, வருஷத்தில் பத்து மாதம் காற்றடிக்கிற ஓர் ஊரில் இருக்கிறேன். மீதி இரண்டு மாதம் காற்று மழையோடு சேர்ந்து அடிக்கும். உள்ளூர்ப் பேருந்துகளுக்குக் கால அட்டவணை போடுவது வேலை. பேருந்து தாமதமானால் ஓட்டுநரை யாரும் திட்டுவதில்லை, அட்டவணை போட்டவனைத்தான் திட்டுகிறார்கள்.

காலையில் என் மகள் மீனா ஒரு சின்னக் கேக்கில் நான்கு மெழுகுவர்த்தியை நான்கு மூலையில் செருகிக் கொண்டுவந்து, "திருகாணி நாள் வாழ்த்து அப்பா" என்றாள். பத்தொன்பது வயது. பொங்கலைக்கூட நாம் ஞாபகப்படுத்த வேண்டும், இதை மட்டும் தானாக ஞாபகம் வைத்திருக்கிறாள். ஊதி அணைத்த பிறகு, சரி, இதை ஊர்க்காரர்களுக்கு முழுதாக எழுதிவிடுவோம் என்று தோன்றியது. ஏனென்றால் டவுனில் பாதிப் பேருக்கு நான் மருமகள் கல்யாணத்தில் இலையிலிருந்து எழுந்து போன திமிர் பிடித்த தாய்மாமன். மீதிப் பேருக்கு, மூளையைத் திறந்து ஆபரேஷன் செய்து பிழைத்தவன். இரண்டும் தப்பு.

2

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தேன். வழக்கமான காற்றுத்தான். வலது கன்னத்தைத் தொட்டது. அவ்வளவுதான், காதோரத்திலிருந்து உதடு வரைக்கும் சுளீரென்று ஒரு மின்சாரம். "யம்மா!" என்று போட்ட சத்தத்தில் பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரக் கிழவி தன் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். மூன்று விநாடி. பிறகு ஒன்றுமே இல்லை. நான் அசடு வழிந்தேன்.

அப்புறம் முகம் கழுவினால் அடித்தது. பல் தேய்த்தால் அடித்தது. சவரம் செய்தால், மென்றால், சிரித்தால் அடித்தது. பல்தான் கெட்டுப்போயிற்று என்று நானே முடிவு கட்டினேன். பல் டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, "பல்லில் கோளாறே இல்லை" என்றார். நான் விடவில்லை. கெஞ்சி, சண்டை போட்டு, வேறு டாக்டரிடம் போய், ஆரோக்கியமான இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பெருமையாக வாயைத் திறந்து கோமதியிடம் காட்டினேன். காட்டும்போதே அடித்தது.

கடைசியில் நரம்பு மருத்துவர் ஒருவர் பெயரைச் சொன்னார். முப்பெருநரம்பு வலி. மூவேந்தர் மாதிரி கம்பீரமான பெயர். முகத்துக்கு உணர்ச்சி கொண்டுபோகிற நரம்பு மூளையிலிருந்து கிளம்புகிற இடத்தில் ஒரு ரத்தக்குழாய் ஒட்டிக்கொண்டு துடித்துத் துடித்து, நரம்பின் மேலுறையைத் தேய்த்துவிட்டதாம். ஊசி முனை அளவு இடம். அதுதான் ஐம்பது வயது ஆம்பிளையை நடுத்தெருவில் அம்மாவைக் கூப்பிட வைத்தது.

ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. முக்கியமாக என் வடிவு அக்காவுக்கு. இதற்கு முன்னால் என் இருதயத்தில் அடைப்பு வந்து குழாய் வைத்தபோது எல்லோருக்கும் சொன்னேன். அக்கா நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்தாள், பதினோரு கோயில் பிரசாதத்தைப் பார்சல் அனுப்பினாள், தினம் மூன்று வேளை போன் பண்ணி, "மூச்சு விடுதியாலே?" என்று கேட்டாள். அது ஒரு காரணம். உண்மையான காரணம் வெட்கம். இருதயக் கோளாறுக்கு ஒரு மரியாதை உண்டு. கன்னத்தில் ஈ உட்கார்ந்தால் அலறுகிறவனுக்கு என்ன மரியாதை? வீக்கம் இல்லை, காயம் இல்லை, காய்ச்சல் இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் அக்கா கூப்பிடுவாள். நான் இடது காதில் போனை வைத்துக்கொண்டு, "நல்லாருக்கேன்க்கா" என்பேன். வெளிநாட்டில் இருக்கிறவன் சொல்கிற "நல்லாருக்கேன்" என்ற சொல்லை மட்டும் ஊரில் யாரும் நம்பாதீர்கள்.

3

அப்படி இருக்கும்போதுதான் அக்கா மகள் உமாவுக்குக் கல்யாணம் வந்தது. நான் ஒரே தாய்மாமன். மாத்திரையை இரண்டு மடங்காக விழுங்கிவிட்டுப் போனேன். அது வலிப்பு நோய்க்குக் கொடுக்கிற மாத்திரை. நரம்பை அமர்த்தும், ஆளையும் சேர்த்து அமர்த்திவிடும். மணமேடையில் நான் ஆடி ஆடி நின்றதைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைத்திருப்பார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கல்யாணம் ஒருவழியாக முடிந்தது. மறுநாள் அக்கா வீட்டில் மறுவீட்டுச் சாப்பாடு. நம் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், அன்றைக்குச் சொதிதான் ராஜா. தேங்காய்ப் பாலில் பாசிப்பருப்பும் காய்களும் போட்டது, தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல், கல்லிடைக்குறிச்சி அப்பளம். புது மாப்பிள்ளைக்குப் பக்கத்து இலை தாய்மாமனுக்கு. எதிர் வரிசை முழுக்கச் சம்பந்தி வீட்டார். அக்காவே கையில் கரண்டியோடு வந்து எனக்குச் சொதி ஊற்றினாள்.

முதல் கவளத்தை வாயில் வைத்தேன். அடித்தது பாருங்கள், அதற்கு முன்னும் பின்னும் அப்படி அடித்ததில்லை. ஒன்று முடிவதற்குள் அடுத்தது. பேச வாயெடுத்தால் அலறிவிடுவேன், புது மாப்பிள்ளை பயந்துவிடுவான். அதனால் ஒரு வார்த்தை பேசவில்லை. வாயில் இருந்ததை இலையிலேயே விட்டுவிட்டு, எழுந்து, ஒருத்தர் முகத்தையும் பார்க்காமல் விறுவிறுவென்று வெளியே போய்க் காரில் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன்.

யோசித்துப் பாருங்கள். ஒரு வீட்டில் கை நனைக்காமல் போனாலே பகை என்று அர்த்தம். நான் நனைத்த கையோடு எழுந்து போயிருக்கிறேன். அதுவும் சம்பந்தி முன்னால், அக்கா ஊற்றிய சொதியைத் துப்பிவிட்டு. சம்பந்தியம்மாள் சத்தமாகவே கேட்டாளாம், "பொண்ணுக்குத் தாய்மாமனுக்கு இந்தக் கல்யாணத்துல சம்மதம் இல்லையோ?" உமா அந்த ஒரு கேள்வியை மாமியார் வீட்டில் ஒரு வருஷம் சுமந்தாள்.

மறுநாள் அக்காவிடம் போய் விளக்கினேன். இரண்டு வருஷமாக மறைத்த நோயை ஐந்து நிமிஷத்தில், அதுவும் பாதி வாயால் விளக்கினால் யார் நம்புவார்கள்? அக்கா அடுப்படிக்குள் போய்விட்டாள். அக்கா வீட்டுக்காரர் சண்முகம் அத்தான் மின்வாரியத்தில் போர்மேன். அவர்தான் விசாரணை நடத்தினார்.

"மூஞ்சியில கரண்ட் அடிக்குதுன்னு சொல்லுதியா மாப்ளே?"

"ஆமா அத்தான்."

"முப்பத்தாறு வருஷம் கரண்டுலயே கிடந்தவன் நான். கரண்ட் அடிச்சா ஆளு வெறைக்கணும், இல்ல தூக்கி எறியணும். நீ செருப்ப மாட்டிட்டுல்லா போன?"

அதோடு தீர்ப்பு எழுதியாயிற்று.

4

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. நான் கூப்பிட்டால் அக்கா எடுக்கவில்லை. என்னத்தைச் சொல்ல, அந்தத் தினசரி "மூச்சு விடுதியாலே"வுக்காக ஏங்க ஆரம்பித்தேன். அம்மா போன பிறகு எனக்கு ஊர் என்று இருந்ததே அக்காதான். வலியைவிட அது அதிகமாக வலித்தது. வலிக்கு மாத்திரையாவது இருந்தது.

மாத்திரையும் பிறகு சரிப்படவில்லை. கூட்டிக் கூட்டிக் கொடுத்ததில் சொற்கள் மறந்தன. அலுவலகத்தில் ஒரு பேருந்தைப் புறப்படுவதற்கு நாலு நிமிஷம் முன்னாலேயே போய்ச் சேரும்படி அட்டவணை போட்டேன். பயணிகள் யாரும் புகார் சொல்லவில்லை. காதுக்குப் பின்னால் திறந்து ரத்தக்குழாயை விலக்கிவைக்கிற அறுவை சிகிச்சை ஒன்று உண்டு. என் இருதயத்தின் பழைய கதையைப் படித்துவிட்டு, அவ்வளவு நேர மயக்க மருந்து வேண்டாம் என்றார்கள். அப்போதுதான் கதிர்வீச்சால் செய்கிற கதிர் அறுவை என்றார்கள். பெயர்தான் அறுவை, கத்தி கிடையாது, தையல் கிடையாது, காலையில் போய்ச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம்.

தேதி வாங்க ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ண வேண்டும். என்னால் பேச முடியாததால் மீனா பேசினாள். அந்த முனையில் இருந்த பெண் மிக இனிமையாக, "மன்னிக்கவும், நோயாளியின் அந்தரங்கம் முக்கியம். அவரே தன் பெயர், பிறந்த தேதி, முகவரி சொல்லி அனுமதி தர வேண்டும்" என்றாள்.

"அவருக்குப் பேசினால் வலிக்கும். அதற்குத்தான் வைத்தியமே."

"புரிகிறது. அதை அவரே சொன்னால் குறித்துக்கொள்வேன்."

வாங்கினேன் போனை. பெயர், பிறந்த தேதி, தெரு வரைக்கும் சொன்னேன். ஊர்ப் பெயரில் அடித்தது. நான் போட்ட அலறலை அந்தப் பெண் முழுதாகக் கேட்டாள். பிறகு மெதுவாக, "அஞ்சல் குறியீடு மட்டும் பாக்கி இருக்கிறது" என்றாள்.

5

தேதி கிடைத்த வாரம், எதிர்பாராமல் சண்முகம் அத்தான் கூப்பிட்டார். அவருக்கு அறுபதாம் கல்யாணம். அக்காவுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை தம்பிதான் கொண்டுவர வேண்டும். பகை இருந்தாலும் முறை முறைதானே. "ஒரு வார்த்த சொல்லிட்டேன், வாரதும் வராததும் ஒங்க இஷ்டம்" என்று தொடங்கினார். என்னைப் பன்மையில் பேசுகிறார் என்றால் கோபம் உச்சத்தில் இருக்கிறது என்று அர்த்தம். நான் வாயைத் திறக்கிற நிலையில் இல்லை. மீனாவிடம் போனைத் தள்ளினேன்.

மீனாவுக்குத் தமிழ் வரும், நான்கு சொல்லுக்கு ஒருமுறை நின்று நின்று வரும். சின்ன வயதில் தமிழ்ப் பள்ளிக்குப் போகமாட்டேன் என்று கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதவள். அவள் சொன்னாள், "மாமா, அப்பா முகத்துக்கு ஒரு வயர் போகுது. அது மேல ஒரு பைப் உரசுது. ரொம்ப நாளா உரசி, வயர் மேல இருக்கற கவர் போயிடுச்சு. அதனால தொட்டா ஷாக்."

அந்தப் பக்கம் திடீரென்று ஒரு கத்தல். எனக்கே கேட்டது.

"ஏட்டி மருமவளே! இன்சுலேசன் போயிருக்குன்னு சொல்லு!"

"ஆமா மாமா. அதேதான்."

"அடப் பாவி மட்டை! இத ஏம்ட்டி அவன் அன்னைக்கே சொல்லல? நரம்பு, நோவுன்னுல்லா ஒளறுனான்! இன்சுலேசன் போன வயர வச்சிக்கிட்டா அவன் பந்தியில வந்து உக்காந்தான்? செத்துல்லா போயிருப்பான்! இப்ப என்ன செய்யப் போறாங்க? டேப் சுத்துவாங்களா?"

"இல்ல மாமா. அந்த எடத்த லேசா சுட்டு, ஷாக் போகாம பண்ணுவாங்க."

"லைன கட் பண்ணுதாங்க! சரியான வேல. நான் ஒங்க அத்தைட்டச் சொல்லுதேன்."

மூளைப்படம், டாக்டரின் கடிதம், என் மூன்று பக்க விளக்க மின்னஞ்சல் எதுவும் செய்யாததை, நின்று நின்று வருகிற நாலு வரித் தமிழ் செய்தது. அந்தக் கார்க் கதவுக் கண்ணீரை எல்லாம் அன்றைக்கு நான் மன்னித்தேன்.

ஆனால் அக்கா போனில் வரவில்லை.

6

திருகாணி நாள் காலையில் நெற்றியில் மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு சட்டத்தைத் தலையில் வைத்து, நான்கு பக்கமும் முறுக்கினார்கள். வலி இல்லை, அழுத்தம்தான். தலை மயிரிழைகூட நகரக்கூடாது என்பதற்காக அது. சட்டத்தோடு படம் எடுத்து, அதை வைத்து இரண்டு மணிநேரம் கணக்குப் போட்டார்கள். பிறகு ஒரு வட்டக் குகைக்குள் என்னைப் படுக்கவைத்து நகர்த்தினார்கள். பல பக்கங்களிலிருந்து மெல்லிய கதிர்கள் வருமாம். தனித்தனியே ஒன்றும் செய்யாது. எல்லாம் ஒன்றாகச் சேர்கிற ஓர் இடத்தில் மட்டும் வேலை நடக்கும். எனக்கு உடனே புரிந்தது. நம் டவுன் கோயில் ஆனித் தேர் அப்படித்தானே? ஒருத்தன் இழுத்தால் அசையாது, ஊர் கூடி இழுத்தால் நகரும்.

உள்ளே ஒரு மணிநேரம். ஒன்றுமே தெரியவில்லை, சூடும் இல்லை, சத்தமும் இல்லை. கேட்ட பாட்டைப் போடுகிறோம் என்றார்கள், நான் தூங்கிவிட்டேன். கழற்றியதும் இரண்டு பிளாஸ்திரி, ஒரு தேநீர், இரண்டு பிஸ்கட். நானும் மீனாவும் பேருந்தில் வீட்டுக்கு வந்தோம். பேருந்து இருபது நிமிஷம் தாமதம். பக்கத்தில் நின்ற ஒருவர், அட்டவணை போட்டவனின் தலையைப் பரிசோதிக்க வேண்டும் என்றார். இப்போதுதான் பரிசோதித்துவிட்டு வருகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"எப்போது வலி போகும்?" என்று டாக்டரிடம் எழுதிக் காட்டிக் கேட்டிருந்தேன். சில வாரம் ஆகலாம், சில மாதம் ஆகலாம், சிலருக்குப் போகாமலும் இருக்கலாம், அந்தக் கன்னம் கொஞ்சம் மரத்துப்போகலாம் என்றார். நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை. ஆனால் நிமிஷக் கணக்கில் அட்டவணை போடுகிறவனிடம் சொல்கிற பதிலா இது? அறுபதாம் கல்யாணத்துக்குப் பதினான்கு வாரம் இருந்தது. இன்னொரு தடவை அந்த வீட்டு இலையிலிருந்து எழுந்தால் அக்கா எனக்கு இல்லை.

நானே ஒரு சோதனை முறை கண்டுபிடித்தேன். ஞாயிறுதோறும் ஒரு கல்லிடைக்குறிச்சி அப்பளம். முதல் ஞாயிறு, கடித்ததும் நாற்காலியோடு சாய்ந்தேன். நாலாவது ஞாயிறும் அப்படியே. ஆறாவது ஞாயிறு கோமதி, "அந்தச் சவத்த ஏன் திங்கிய? அப்பளமும் தீருது, நாக்காலியும் ஒடையுது" என்று டப்பாவை ஒளித்துவைத்தாள். ஒன்பதாவது ஞாயிறு, அவளுக்குத் தெரியாமல் எடுத்துக் கடித்தேன். நொறுங்கியது. காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. இன்னொரு கடி. அதுவும் நொறுங்கியது. அடுப்படியில் தனியே நின்று ஏழு அப்பளம் தின்றேன். கோமதி வந்து பார்த்துவிட்டு, திட்ட வாயைத் திறந்தவள், அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். பிறகு அழுதாள்.

7

டவுனில் அக்கா வீட்டு வாசலிலேயே அத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எந்தப் பக்கம் மாப்ளே?" வலது என்றேன். உடனே உள்ளே திரும்பி, "ஏலே, எல்லாப் பேனையும் நிறுத்துங்க! மாப்ளைக்கு வலது பக்கம் காத்து படக்கூடாது" என்றார். இப்போது பரவாயில்லை அத்தான் என்றால் கேட்கவில்லை. "டெஸ்ட் பண்ணாத லைன நான் நம்ப மாட்டேன்." சம்பந்தி வீட்டார் உள்பட அறுபது பேர் பட்டுச்சேலையிலும் வேட்டியிலும் வேர்த்து ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அக்கா வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், நெற்றிப் புள்ளிகளைப் பார்த்தாள். "வாங்க" என்றாள். அவ்வளவுதான். நான் கொண்டுபோன கோடிச் சேலையை வாங்கி உடுத்தினாள், முறைக்கு. கோமதியிடம் மட்டும் அடுப்படியில் சொன்னாளாம், "காலுல முள்ளு குத்துனாக்கூட எங்கிட்ட ஓடி வார பய அவன். ரெண்டு வருசம் மறைச்சிட்டாம்லா. அவன் எந்திரிச்சுப் போனதுகூட எனக்குப் பெருசில்ல கோமதி. நான் யாரோன்னு ஆயிட்டம்லா." கோமதி இதை என் காதில் சொன்னாள். அக்கா சொன்னது சரி.

பந்தி போட்டார்கள். வேண்டுமென்றே அதே இடத்தில் எனக்கு இலை. பக்கத்தில் அதே மருமகப்பிள்ளை, எதிரே அதே சம்பந்தியம்மாள், விசிறியால் விசிறிக்கொண்டு. அறுபதாம் கல்யாணத்துக்குச் சொதி வழக்கமில்லை. ஆனாலும் சொதி வந்தது. அக்காவே கரண்டியோடு வந்து ஊற்றினாள். அத்தான் கையை உயர்த்தி, விசிறியையும் நிறுத்தச் சொன்னார்.

முதல் கவளம். மென்றேன். விழுங்கினேன். இரண்டாவது. இஞ்சித் துவையல். அப்பளம், சத்தத்தோடு. ஒன்றும் ஆகவில்லை. குனிந்த தலை நிமிராமல் தின்றுகொண்டே இருந்தேன். டாக்டர் சொன்னபடி அந்தப் பக்கம் கொஞ்சம் மரத்திருந்தது. சோற்றுப் பருக்கை கன்னத்தில் ஒட்டியதும் தெரியவில்லை, கடைவாயில் சொதி வழிந்ததும் தெரியவில்லை. எதிரே எல்லோரும் பார்க்கிறார்கள், ஒருத்தரும் சொல்லவில்லை. அக்கா இரண்டு இலை தாண்டிப் போயிருந்தவள் திரும்பி வந்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள். முந்தானையால் என் வலது கன்னத்தைத் துடைத்தாள்.

"ஏட்டி, தொடாத!" என்று அத்தான் கத்தியேவிட்டார்.

நானும் பழக்க தோஷத்தில் கண்ணை இறுக்கி மூடி, பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. கண்ணைத் திறந்தேன்.

"வலிக்குதாலே?" என்றாள் அக்கா. இரண்டு வருஷத்துக்குப் பிறகு ஒரு 'லே'.

"இல்லக்கா. தொடுததே தெரியல."

"பொறவு ஏம்லே அழுத?"

நான் அழுகிறேன் என்பது எனக்குத் தெரியாது. அந்தப் பக்கம்தான் மரத்துப்போயிருக்கிறதே. இடது பக்கத்தைத் தொட்டுப் பார்த்தேன், அங்கேயும் ஈரம்.

"சொல்லியிருக்கணும்க்கா" என்றேன். "தப்புதான்."

அக்கா முந்தானையால் தன் முகத்தையும் துடைத்துக்கொண்டு, கரண்டியை எடுத்து, என் இலையில் இன்னும் சோறு வைத்து, அதன் மேல் குளம் மாதிரி சொதியை ஊற்றினாள்.

"தின்னு. இன்னைக்கு மட்டும் எந்திரிச்சே, அந்தக் கன்னத்துலயே ஒண்ணு வைப்பேன்" என்றாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பி, "யோவ், பேனைப் போடும், சனம் அவிஞ்சு சாவுது" என்றாள்.